எரிந்தணையும் செவ்விளக்கு

எந்திரம் ஒன்று முற்றாகப் பழுதுற்று நின்றுவிடின், அதனைத் திருத்துதல் அத்துணைக் கடினமான செயலன்று. உடைந்த உறுப்பு உடைந்தபடியே கிடக்கும். தேடுவோன் கண்ணுக்கு அது தப்பாது. ஆனால், இன்று தோன்றி நாளை மறைந்து, திருத்துநன் பார்க்கும்போது ஒளிந்து, வண்டிக்காரன் இரவிலே தனித்துச் செல்லும்போது மீண்டும் தலைகாட்டும் பழுதே மனிதனுடைய அறிவைச் சோதிப்பதாகும். இத்தகைய பழுதுகளுள் முதன்மையானது மோட்டார் வண்டியின் மின்னேற்றத்தைக் குறிக்கும் செவ்விளக்கு இடையிடையே எரிந்தணைதல். அதன் காரணங்களையும், அவற்றை ஒழுங்காகத் தேடும் முறையினையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுவாகப் பேசினால் பொருள் தெளிவுறாது. ஆதலின், ஸ்போட்ஸ் கார் எனப்படும் இலகுவான விரைவு வண்டிகளுள் உலகறிந்த ஒன்றனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரிலே 1962 தொடக்கம் 1980 வரை ஆக்கப்பட்ட எம்.ஜி.பி. என்னும் வண்டியே அது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட இவ்வகை வண்டிகள் ஆக்கப்பட்டன. அவற்றுட் பல இன்றும் பல நாடுகளில் ஓடுகின்றன. பழைய தைனமோ முறை, அதன் பின் வந்த ஆடலோட்டப் பிறப்பாக்கி முறை ஆகிய இரண்டும் இவ்வொரு வண்டியின் வரலாற்றிலேயே அமைந்திருத்தல், கற்போனுக்கு இது தகுந்த எடுத்துக்காட்டாதற்கு மற்றொரு காரணமாகும்.

மின்னேற்றத் தொகுதியின் அமைப்பு

மோட்டார் வண்டியின் மின்சாரத்துக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, பற்றறி என நாம் வழங்கும் மின்கலவடுக்கு. மற்றையது, எஞ்சினாற் சுழற்றப்படும் பிறப்பாக்கி. எஞ்சின் ஓடாதபோது பற்றறி கொடுக்கும். ஓடும்போது பிறப்பாக்கி வண்டியின் தேவைகளை நிறைவேற்றி, எஞ்சிய மின்னோட்டத்தைப் பற்றறிக்குத் திருப்பிக் கொடுக்கும். பற்றறி சேமிப்புக் கணக்குப் போன்றது. பிறப்பாக்கி நாள்தோறும் வரும் உழைப்பூதியம் போன்றது. ஊதியம் குறைந்தாற் சேமிப்புக் கரையும். ஆயினும், சேமிப்பு முடியும்வரை குடும்பத்தின் வறுமை வெளியே தெரியாதவாறு போல, பற்றறி வெறுமையாகும்வரை வண்டியின் குறையும் வெளிப்படாது. குறை தோன்றிய நாளும் வண்டி நின்ற நாளும் வேறு வேறாய் இருப்பதற்கு இதுவே காரணம்.

பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1859இற் கண்ட ஈயவமிலக் கலமே இன்றளவும் இப்பணியைப் பெரும்பாலான வண்டிகளிற் செய்து வருகின்றது. ஒரு கலம் ஏறத்தாழ 2.1 உவோற்று அழுத்தமுடையது. ஆறு கலங்கள் தொடராக இணையின் 12.6 உவோற்றாகும். எம்.ஜி.பி. வண்டியில் 1974 வரை 12 உவோற்றுப் பற்றறி ஒன்றுக்குப் பதிலாக, 6 உவோற்றுப் பற்றறிகள் இரண்டு, இருக்கைகளின் பின்னே தளத்தின் கீழ் வைக்கப்பட்டுத் தடித்த கம்பியொன்றால் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. எடை பின்புறஞ் சென்று சமநிலை பெறுவதும், முன்புறத்தில் இடம் மீதமாவதும் இதனாலாய நன்மைகள். ஆனால், தெருவிலிருந்து தெறிக்கும் நீருக்கும் சேற்றுக்கும் அண்மையிலே முடிவிடங்கள் அமைந்தமையால், அரிப்பு அவற்றை எளிதிற் பற்றியது.

1967ஆம் ஆண்டின் இறுதிவரை வந்த வண்டிகளில் லூக்காஸ் நிறுவனத்தின் சி.40 வகைத் தைனமோ பொருத்தப்பட்டது. அதன் உச்சப் பயன் 22 அம்பியர். அவ்வண்டிகளிற் பற்றறியின் நேர்முனை உடற்கூட்டுடன் புவித்தொடுப்புச் செய்யப்பட்டிருந்தது. அதன் பின் வந்த வண்டிகளில் ஆடலோட்டப் பிறப்பாக்கி இடம்பெற்றது, எதிர்முனை புவித்தொடுப்பாயிற்று. ஆல்ரனேற்றர் எனத் தொழிலாளர் வழங்கும் இப்பிறப்பாக்கியின் 16 ஏ.சி.ஆர். என்னும் வகை 34 அம்பியர்வரை தரவல்லது. அழுத்த ஒழுங்காக்கியும், ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றும் இருவாயிகளும் அதன் உள்ளேயே அமைந்துள்ளன.

இவ்விரு பிறப்பாக்கிகளுக்கும் அடிப்படை, 1831இல் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே. தைனமோவிற் காந்தப்புலம் அசையாது நிற்கச் சுருள் சுழலும். பயன்தரும் முழு மின்னோட்டமும் திசைமாற்றியின் மீது உராயும் தூரிகைகள் வழியாகவே வெளிவரல் வேண்டும். ஆடலோட்டப் பிறப்பாக்கியிலோ காந்தம் சுழல, சுருள் அசையாது நிற்கும். தூரிகைகள் காந்தத்தை ஊட்டும் சில அம்பியர்களை மட்டுமே சுமக்கும். ஆதலின் அதனை மிகுந்த வேகத்திற் சுழற்றலாம். எஞ்சின் மெல்ல ஓடும்போதும் அது போதிய மின்னோட்டத்தைத் தரும். தைனமோ எஞ்சின் மெல்ல ஓடும்போது பயன்தருதல் அரிது.

இதிலிருந்து முதலாவது நடைமுறை விதியொன்று பிறக்கின்றது. தைனமோ பொருத்திய வண்டி சந்தியிலே நிற்கும்போது செவ்விளக்கு மினுக்கிடின் அது நோயன்று, இயல்பே. ஆடலோட்டப் பிறப்பாக்கியுள்ள வண்டியில் அதே மினுக்கம் காணப்படின் அது ஆராயத்தக்க அறிகுறியாகும். அறிகுறி ஒன்றேயாயினும் உடல் வேறாயின் பொருளும் வேறாதலை இங்குக் காண்க.

செவ்விளக்குச் சொல்வது யாது?

பலரும் செவ்விளக்கை மின்னேற்றத்தை அளக்கும் கருவி என்று எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. அது எதனையும் அளப்பதில்லை. இரண்டு அழுத்தங்களை ஒப்பிடுவதே அதன் தொழில். விளக்கின் ஒரு முனை எரிபற்றல் ஆளி வழியாகப் பற்றறியுடன் தொடுக்கப்பட்டுள்ளது. மறுமுனை பிறப்பாக்கியுடன் தொடுக்கப்பட்டுள்ளது. எஞ்சின் ஓடாதபோது ஒரு முனையில் 12 உவோற்று, மறுமுனையில் ஏறத்தாழச் சுழியம். ஆகவே விளக்குப் பிரகாசமாக எரியும். எஞ்சின் ஓடிப் பிறப்பாக்கியின் அழுத்தம் பற்றறியின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது, இரு முனைகளுக்குமிடையே வேறுபாடில்லாமையால் விளக்கு அணையும். தராசின் இரு தட்டுகளும் சமமாக நிற்றல் போன்றது இது.

தராசு ஒருபுறம் சாய்ந்தால் எத்தட்டில் மாற்றம் நிகழ்ந்தது என்பதை அச்சாய்வு மட்டும் கொண்டு துணியலாகாது. பிறப்பாக்கியின் அழுத்தம் வீழ்ந்தாலும் விளக்கு எரியும். பிறப்பாக்கி நன்றாக இயங்க, ஆளிப்பக்கத்தின் அழுத்தம் வீழ்ந்தாலும் விளக்கு எரியும். இரண்டாம் நிலையில் மின்னோட்டம் விளக்கினூடே எதிர்த்திசையிற் செல்கின்றது. ஆனால் மின்குமிழுக்குத் திசை வேற்றுமை இல்லையாதலாற் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

மற்றொன்றும் கருதத்தக்கது. இரு தட்டுகளும் ஒருங்கே உயர்ந்தாலும் ஒருங்கே தாழ்ந்தாலும் தராசு சாய்வதில்லை. ஒழுங்காக்கி பழுதுற்று அழுத்தம் 16 உவோற்றுக்கு ஏறிப் பற்றறியின் அமிலம் கொதித்து வற்றினும் விளக்கு வாளாவிருக்கும். பிறப்பாக்கியின் வலுவுக்கு மிஞ்சிய சுமையால் இரு பக்க அழுத்தமும் ஒருங்கே 12 உவோற்றாகத் தாழினும் அது வாளாவிருக்கும். குமிழ் கருகியிருப்பின் எந்நிலையிலும் அது வாய் திறவாது. அது மட்டுமன்று, ஏ.சி.ஆர். வகைப் பிறப்பாக்கியிற் காந்தத்தைத் தொடக்கத்தில் ஊட்டுவது இக்குமிழினூடு செல்லும் சிறு மின்னோட்டமே. ஆகவே ஆங்குக் குமிழ் கருகினால் எச்சரிக்கை கெடுவதோடு மின்னேற்றமும் தொடங்காது போகக்கூடும். தைனமோவிலோ இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தத்தன்மையே தொடக்கத்துக்குப் போதுமாதலின், குமிழ் கருகினும் மின்னேற்றம் நிகழும். எனவே, எஞ்சினைத் தொடக்குமுன் ஆளியைத் திருப்பியவுடன் செவ்விளக்கு எரிகின்றதா என்று பார்த்தலே ஆராய்ச்சியின் முதற்படி.

புகையும் தீயும்

தருக்க நூலார் கருதலளவைக்குக் காட்டும் எடுத்துக்காட்டு, மலைமேற் புகை கண்டு ஆங்குத் தீயுண்டு எனத் துணிதலாகும். புகையுள்ள இடமெல்லாம் தீயுண்டு என்னும் நீங்காத் தொடர்பு இருத்தலினாலேயே அத்துணிபு செல்லுபடியாகின்றது. செவ்விளக்கு எரியுமிடமெல்லாம் பிறப்பாக்கி பழுது என்னும் நீங்காத் தொடர்பு உண்டோ எனின், இல்லை என்பதை மேலே கண்டோம். அவ்வாறிருக்க, விளக்கு எரிந்தவுடன் பிறப்பாக்கியைக் கழற்றி எறிந்து புதியதொன்றை வாங்குவோர் பலர். பெரும்பொருள் செலவாகும், அடுத்த வாரமே விளக்கு மீண்டும் எரியும். பின்னர்ப் பற்றறியை மாற்றுவர். அதன் பின் ஒழுங்காக்கியை மாற்றுவர். ஈற்றில், தளர்ந்திருந்த ஒரு முடிவிடம் தற்செயலாக இறுக்கப்பட்டு நோய் நீங்கும். இறுதியில் மாற்றிய உறுப்பே காரணமாயிருந்தது என்ற பொய்யறிவும் நிலைபெறும். நோயின் மூலத்தை நாடிய பின்னரே மருந்தை நாடுக என்னும் வள்ளுவர் நெறி மனித உடலுக்கு மட்டும் உரியதன்று.

பொருள் விரயம் மட்டுமே இழப்பாயின் பொறுத்துக்கொள்ளலாம். மின்னேற்றங் கெட்ட வண்டி இரவில் விளக்கும் எஞ்சினும் ஒருங்கே அவிந்து நடுத்தெருவில் நிற்கக்கூடும். தளர்ந்த இணைப்பு வெப்பமுற்று, காவலுறையை உருக்கித் தீயையும் விளைக்கக்கூடும். இவ்வபாயத்தின் அளவைக் கணக்கினாற் காட்டலாம்.

சிறு தடையின் பெருஞ் செயல்

1827இல் ஓம் என்னும் செருமானிய அறிஞர் வெளியிட்ட விதியை மாணவர் அனைவரும் அறிவர்: அழுத்த வேறுபாடு மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கி வருவது. களிம்பு படர்ந்த முடிவிடம் ஒன்றன் தடை 0.05 ஓம் எனக் கொள்வோம். சாதாரண தடைமானி இத்துணைச் சிறு தடையைத் தெளிவாகக் காட்டமாட்டாது. வீட்டிலுள்ள சிறு விளக்கொன்றனுக்கு இது ஒரு தடையே அன்று. ஆனால் 30 அம்பியர் மின்னோட்டம் இதனூடு செல்லும்போது 30 × 0.05 = 1.5 உவோற்று அங்கே இழக்கப்படும். பிறப்பாக்கி 14.2 உவோற்றுக் கொடுக்க, பற்றறியை அடைவது 12.7 உவோற்றே. அந்த அழுத்தத்தில் ஈயவமிலக் கலத்தில் மின்னேற்றம் நிகழாது என்றே கூறலாம். இழந்த வலு 30 × 1.5 = 45 உவாற்று. விரல் நுனியளவான ஓரிடத்தில், பற்றாசுக்கோல் ஒன்றன் வெப்பம் இடைவிடாது வெளிப்படுகின்றது என்க.

தொடக்கு மோட்டாரின் வழியில் நிலைமை இன்னும் கடுமையானது. எஞ்சினைத் தொடக்கும்போது 200 அம்பியர் வரை மின்னோட்டம் பாயும். ஆங்கு 0.01 ஓம் தடையே 2 உவோற்றை விழுங்கிவிடும்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, பிறப்பாக்கியும் பற்றறியும் குறைவற்றனவாய் இருந்தும் இடைவழி கெட்டால் மின்னேற்றம் கெடும். இரண்டாவது, இத்தகைய குறையை மின்னோட்டம் பாயும்போது மட்டுமே காணலாம். ஓட்டம் நின்றால் அழுத்த வீழ்ச்சியும் சுழியமாகும். நின்ற வண்டியைச் சோதித்து, எல்லாம் சரி என்று கூறும் திருத்துநன் பொய் சொல்பவனல்லன். அவன் ஆறு வற்றிய காலத்திற் பாலத்தைச் சோதித்தவன்.

பழுது ஏன் வந்து வந்து போகின்றது?

இடையிட்டுத் தோன்றும் பழுதுக்கு ஏது நான்கு. அவை வெப்பம், அதிர்வு, ஈரம், சுமை என்பன. வெப்பத்தால் உலோகம் விரிய, தளர்ந்த இணைப்பு விலகும். குளிர மீண்டும் சேரும். அதிர்வினால் உள்ளே முறிந்த கம்பியிழைகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் நிற்கும். வெளியிலுள்ள காவலுறையோ முழுமையாகவே தோன்றும். ஈரத்தால் விசிறி வார் வழுக்கும், களிம்பு கடத்தும். சுமை கூடும்போது மேலே கணக்கிட்ட அழுத்த வீழ்ச்சி கூடும்.

ஸ்போட்ஸ் கார்களில் இந்நான்கும் மிகுதியாகக் கூடுகின்றன. தாழ்ந்த உடலின் நெருக்கத்தில் எஞ்சினின் வெப்பம் தேங்குகின்றது. கடினமான வில்லமைப்பு தெருவின் அதிர்வை உள்ளபடியே கடத்துகின்றது. திறந்த கூரை மழைநீருக்கு வழிவிடுகின்றது. இவற்றுக்கு மேலாக, இவ்வண்டிகள் நாள்தோறும் ஓடுவனவல்ல. குளிர்நாடுகளில் மாரிக்காலம் முழுவதும் கொட்டிலில் நிற்பன. உராய்வின்றிக் கிடக்கும் தொடுகைகளிற் களிம்பேறுதல் இயல்பே. அக்காலத்து வண்டிகளிற் கம்பிகளை இணைப்பதற்குக் குண்டு வடிவான சிறு பித்தளை முனைகள் உறைகளுட் செருகப்பட்டன. புதிதாயிருந்தபோது செவ்வனே இயங்கிய அவை, பல்லாண்டு கழிந்தபின் பழுதுகளின் உறைவிடமாயின. லூக்காஸ் நிறுவனத்தாரை இருளின் இளவரசர் என்று வண்டிக்காரர் கேலி செய்வது உலகறிந்தது. ஆயினும் அக்கேலியின் பெரும்பங்கு அரைநூற்றாண்டுக் களிம்புக்கும் பேணாமைக்குமே உரியது.

ஆராயும் ஒழுங்கு

முதலிற் செய்யத்தக்கது கருவியை எடுத்தலன்று, குறிப்பேட்டை எடுத்தலாகும். விளக்கு எரிந்தபோது வண்டி நின்றதா, ஓடியதா? எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாயிருந்ததா? மழை பெய்ததா? முகப்பு விளக்குகள் எரிந்தனவா? செவ்விளக்குப் பிரகாசமாக எரிந்ததா, மங்கலாக எரிந்ததா? அதே கணத்தில் வேறு எதுவும் தடுமாறியதா? இவ்வினாக்களின் விடைகளே பாதி நோயைக் காட்டிவிடும்.

இரண்டாவதாக, வண்டி சில மணிநேரம் நின்றபின் பற்றறியின் அழுத்தத்தை அளக்க வேண்டும். 12.6 உவோற்றுக்குக் குறையாதது நிறைந்தது, 12.2 ஏறத்தாழப் பாதி, 12.0 பெரும்பாலும் வெறுமை. இரட்டைப் பற்றறியுள்ள வண்டியில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். ஒன்று 6.3 உவோற்றும் மற்றையது 5.9 உவோற்றும் காட்டுமாயின் கூட்டுத்தொகை நோயை மறைத்துவிடும். மூடி திறக்கத்தக்க பற்றறியாயின் அமிலத்தின் அடர்த்தியைத் திரவமானியால் அளந்தறியலாம். மிதவெப்ப நாடுகளில் நிறைந்த பற்றறி 1.27 முதல் 1.29 வரை காட்டும். வெப்ப நாடுகளுக்கென 1.21 முதல் 1.23 வரையான மென்மையான அமிலமே அக்காலக் கைந்நூல்களில் விதிக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை அறியாதவர் நல்ல பற்றறியையும் கெட்டதென்று ஒதுக்கிவிடுவர்.

மூன்றாவதாக, எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 சுழற்சியில் ஓடவிட்டுப் பற்றறியின் முனைகளிலே அழுத்தத்தை அளக்க வேண்டும். 13.8 தொடக்கம் 14.5 வரையாயின் நன்று. பின்னர் முகப்பு விளக்குகளையும் ஏனையவற்றையும் எரியவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். சுமையின்கீழ் 13 உவோற்றுக்குத் தாழுமாயின் எங்கோ குறையுண்டு. 15 உவோற்றுக்கு மேற் செல்லின் ஒழுங்காக்கி பழுது. அல்லது அதற்குரிய புவித்தொடுப்புத் தளர்ந்துள்ளது.

நான்காவது படியே இம்முறையின் உயிர்நாடி. உவோற்றுமானியின் ஒரு முனையைப் பிறப்பாக்கியின் பயன்முடிவிடத்திலும், மறுமுனையை அதனோடு தொடர்புடைய பற்றறி முனையிலும் வைத்து, சுமையோடு எஞ்சினை ஓட்டினால், இடைவழியில் இழக்கப்படும் அழுத்தம் நேராகவே தெரியும். அரை உவோற்றுக்கு மேற்படலாகாது. பின்னர்ப் பிறப்பாக்கியின் உடலுக்கும் பற்றறியின் புவித்தொடுப்பு முனைக்கும் இடையே அவ்வாறே அளக்க வேண்டும், ஈண்டு 0.2 உவோற்றே எல்லை. எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின் மீது நிற்பதால் அதற்கும் உடற்கூட்டுக்குமிடையே பின்னிய செம்புப் பட்டையொன்று மின்வழியாகும். அது முறிந்தால் மின்னோட்டம் வேக்கக் கம்பிகளின் வழியே தன் பாதையைத் தேடும். தொடக்கு மோட்டாரை இயக்கும்போது அக்கம்பிகள் சூடேறிப் புகைவதும் உண்டு. வழியில் ஒவ்வோர் இணைப்பாகக் கடந்து அளந்துகொண்டு செல்ல, எவ்விணைப்பிலே வீழ்ச்சி காணப்படுகின்றதோ அதுவே குற்றவாளி.

ஐந்தாவதாக, கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றி மெல்ல அசைத்து, மானியையும் செவ்விளக்கையும் நோக்க வேண்டும். மறைந்த பழுதை வெளிப்படச் செய்தல் இதன் நோக்கம். பிரித்தானிய வண்டிகளிற் கம்பியின் நிறமே அதன் தொழிலைக் கூறும்: மண்ணிறம் பற்றறியிலிருந்து உருகியின்றி வருவது, வெள்ளை எரிபற்றல் ஆளியால் ஆளப்படுவது, பச்சை அவ்வெள்ளையிலிருந்து உருகி வழியாகப் பிரிவது, கறுப்புப் புவித்தொடுப்பு, மஞ்சட்கோடிட்ட மண்ணிறம் செவ்விளக்கிலிருந்து பிறப்பாக்கிக்குச் செல்வது. இவ்வைந்தையும் மனத்திற் கொண்டவனுக்குக் கம்பிக்கற்றை காடாகத் தோன்றாது. குலமுறை கிளத்தும் மரமாகவே தோன்றும்.

ஒருங்கே வீழ்வனவும் பொது மூதாதையும்

அம்மரத்தைக் கொண்டு சில நிலைமைகளை ஆராய்வோம்.

மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போது செவ்விளக்குப் பளிச்சிடுகின்றது. அக்கணமே எஞ்சின் தடுமாறுகின்றது. சுழற்சிமானியின் முள் வீழ்ந்தெழுகின்றது. பிறப்பாக்கி பழுதோ? அன்று. பிறப்பாக்கி ஒரு கணம் நின்றாலும் பற்றறி எஞ்சினைத் தாங்குமாதலின் எஞ்சின் தடுமாற நியாயமில்லை. விளக்கின் ஒரு முனை, எரிபற்றற் சுருள், சுழற்சிமானி ஆகிய மூன்றுக்கும் பொது மூதாதை வெள்ளைக் கம்பியும் அதனை ஊட்டும் ஆளியுமே. ஆளியின் தொடுகை தேய்ந்திருத்தல் வேண்டும். அல்லது அதன் பின்னுள்ள இணைப்புத் தளர்ந்திருத்தல் வேண்டும். பின்புறத்திற் பெற்றோல் பம்பியும் வெள்ளைக் கம்பியாலேயே ஊட்டப்படுகின்றது. ஆகவே ஆளியைத் திருப்பியவுடன் கேட்கும் அதன் துடிப்பொலி ஒழுங்கின்றி நின்று நின்று வருமாயின் இத்துணிபு மேலும் வலியுறும்.

எஞ்சினின் வேகமும் சுமையும் கூடும்போது செவ்விளக்கு மங்கலாக எரிகின்றது. வேறு தடுமாற்றம் இல்லை. இங்கு இரு தட்டுகளுக்குமிடையே சிறு வேறுபாடே உளது. பயன்வழியிலே தடை, அல்லது இருவாயி ஒன்றன் பழுது, தைனமோவாயின் தொடர்பறுப்பியின் தொடுகைகளிற் கறை என்பன கருதத்தக்கன. நான்காம் படியின் அளவீடு இவற்றைப் பிரித்துக் காட்டும். பயன்வழியில் வீழ்ச்சியில்லையாயின் குற்றம் பிறப்பாக்கியின் உள்ளே. வீழ்ச்சியுண்டாயின் அது வெளியே.

மழைநாளில், தொடக்கிய சிறிது நேரத்தில், கீச்சொலியுடன் விளக்கு எரிந்து பின் அணைகின்றது. வார் வழுக்குகின்றது என்பது தெளிவு. வாரின் நீண்ட பகுதியின் நடுவே விரலால் அழுத்தினால் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் தாழ்தலே தகுந்த இறுக்கம். மிகுதியாக இறுக்கின் பிறப்பாக்கியின் தாங்கிகள் தேயும்.

விளக்கு ஒருபோதும் எரிந்ததில்லை. ஆயினும் இரண்டு நாள் நின்றபின் பற்றறி வெறுமையாகின்றது. இங்குக் குறை வரவில் அன்று, செலவில். பற்றறியின் ஒரு தொடுப்பைக் கழற்றி, இடையே 12 உவோற்றுச் சிறு குமிழொன்றைத் தொடராக இணைத்தால், எல்லா ஆளிகளும் மூடிய நிலையில் அது எரியலாகாது. எரியுமாயின் உருகிகளை ஒவ்வொன்றாக அகற்றிக் கசிவின் வழியைக் காணலாம். உருகி அகற்றியும் எரியின், உருகியில்லா மண்ணிறக் கம்பியின் வழியே, அல்லது பிறப்பாக்கியின் இருவாயி வழியே கசிவு நிகழ்கின்றது.

இரவில், மழையில், நெரிசலான தெருவில் தைனமோ வண்டியின் விளக்கொளி படிப்படியாக மங்குகின்றது. முகப்பு விளக்குகளுக்கு ஏறத்தாழ 8 அம்பியர், எரிபற்றலுக்கு 4, துடைப்பானுக்கும் ஏனைய விளக்குகளுக்கும் 4 எனச் செலவு 16 அம்பியரை எட்டுகின்றது. அடிக்கடி நிற்கும் வண்டியின் தைனமோ அதனை ஈட்டமாட்டாது. இது பழுதன்று, கணக்கு. இக்கணக்கே ஆடலோட்டப் பிறப்பாக்கியின் வருகைக்கும் காரணமாயிற்று.

திருத்துவோன் கொள்ளவேண்டிய எச்சரிக்கைகள்

மின்னேற்றம் பெறும் பற்றறியினின்று ஐதரசன் வாயு வெளிப்படும்; அதனருகே தீப்பொறி ஆகாது. வேலை தொடங்குமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றுக. பற்றறியைக் கழற்றும்போது புவித்தொடுப்பு முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கையாளுக. பழைய எம்.ஜி.பி. வண்டியில் அம்முனை நேர்முனை என்பதை மறவற்க. முனை மாற்றிப் பூட்டினால் ஆடலோட்டப் பிறப்பாக்கியின் இருவாயிகள் ஒரு கணத்தில் அழியும். அத்தகைய பிறப்பாக்கி ஓடும்போது பற்றறியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் முற்றாகக் கைவிடத்தக்கது. முடிவிடங்களை அரத்தாளால் உலோகம் ஒளிரத் துலக்கி, இறுகப் பூட்டி, அதன்பின் வசலின் பூசுக. பூசியபின் பூட்டுதல் பிழை.

இக்கால வண்டிகள்

இன்றைய ஸ்போட்ஸ் கார்களிலே சிறு கணிப்பொறிகள் பல அமைந்து, ஒழுங்காக்கியின் தொழிலையும் மேற்பார்வை செய்கின்றன. பல வண்டிகளில் எரிபொருட் சிக்கனத்தை நோக்கி மின்னேற்ற அழுத்தம் வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும் ஆளப்படுகின்றது. ஆதலின் ஒரேயொரு முறை அளந்து தீர்ப்புக் கூறுதல் தகாது. அழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தாலும் தடுப்பு, திசைதிருப்பல் முதலிய தொகுதிகள் யாவும் ஒருங்கே எச்சரிக்கை விளக்குகளை ஏற்றிவிடும். பத்து விளக்குகள் எரிவதாற் பத்து நோய்கள் உளவென எண்ணலாகாது. ஒருங்கே வீழ்வனவற்றின் பொது மூதாதையைத் தேடுக என்னும் விதி இங்கும் பொருந்தும். அம்மூதாதை பெரும்பாலும் பற்றறியோ அதன் முடிவிடமோ புவித்தொடுப்போதான்.

மின்வழியின் நீளமும் மறக்கத்தக்கதன்று. போர்ஷே 911 வகையில் எஞ்சின் பின்னே, பற்றறி முன்னே. 1989இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்.–5 வகையின் முதலிரு தலைமுறைகளில் எஞ்சின் முன்னே, பற்றறி பின்னே பொருட்பெட்டியில். இத்தகைய வண்டிகளில் நீண்ட கம்பியின் இரு முனைகளிலும் உள்ள இணைப்புகளே முதலிற் சோதிக்கத்தக்கன. கணிப்பொறி ஆயிரம் வந்தாலும் ஓமின் விதி மாறவில்லை, 0.05 ஓம் தடை அன்று விழுங்கிய 1.5 உவோற்றை இன்றும் விழுங்குகின்றது.

முடிவுரை

ஆய்வுசாலையில் மாணவர் உவோற்றுமானியை மின்சுற்றின் இரு முனைகளிலே வைத்து, விடையைக் குறித்துக்கொண்டு, அத்துடன் பாடம் முடிந்ததென எண்ணுவதுண்டு. அதே மானி, அதே விதி, வீதியில் நிற்கும் வண்டியொன்றிலே செலவையும் உயிரையும் காக்கும் கருவியாகின்றது. காட்சியைக் குறித்தல், ஒத்த காரணங்களை நிரல்படுத்தல், எளியதிலிருந்து அரியதற்குச் செல்லல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனை நோக்கல் என்னும் நான்கும் விஞ்ஞான முறையின் அடிப்படைகள். இவற்றைக் கைக்கொள்பவன் செவ்விளக்கைக் கண்டு அஞ்சான். அதனை நம்பி ஏமாறவும் மாட்டான். அது அவனுக்குத் தீர்ப்பன்று. ஆராயத் தூண்டும் வினாவே ஆகும்.